ஈர மலையில் கள்ளிக் கடை

கள்ளிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் செடி வாங்க வருகிறவர்கள். மீதிப் பேர் செத்த செடியைக் காட்ட வருகிறவர்கள்.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகும் வழியில், மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவே, பொலித்தீன் கூரை போட்ட ஒரு கொட்டில் தெரியும். அதுதான் என் கடை. பெரும்பாலும் ஒரே வகைச் செடி. பார்த்தால் கள்ளி போலவே இருக்கும், கள்ளி இல்லை. விரல் பருமனில் நான்கு பட்டையாக எழும்பும் தண்டு. முள் கிடையாது, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி மெத்தென்று இருக்கும். உள்ளங்கை அகலத்தில் நட்சத்திரம் போலப் பூக்கும் என்பதால் நாங்களே நட்சத்திரக் கள்ளி என்று பெயர் வைத்துக்கொண்டோம். வெயில் காய்கிற நாட்டுச் செடி. அதை மழையும் பனிமூட்டமும் விடாத இடத்தில் வளர்க்கிறேன். நீங்களும் ஒரு சாடி வாங்கி ஜன்னலில் வைத்து, ஒருநாள் காலையில் அதன் அடித்தண்டு கூழாகிக் கிடந்ததைப் பார்த்தவராக இருந்தால், நாம் இரண்டு பேரும் உறவுக்காரர்கள்.

கடையில் நானும் செல்வமணி அக்காவும். அக்கா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தோள்பட்டை பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் போனதும், கொழுந்து மலையை விட்டு என்னிடம் வந்தார். சின்னச் சாடியைத் தூக்கலாம், கொழுந்துக் கூடையை இனித் தூக்க முடியாது. இந்த முறை மழைக்காலம் தொடங்கியபோது அவரிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். ஒரு ஹோட்டல், டிசம்பர் விருந்துகளுக்கு மேசைக்கு ஒரு சாடி, பூக்காத பச்சைச் செடியாகக் கேட்டிருக்கிறது. கொடுத்துவிட்டால் கடை ஓடும். செடிகள் அழுகிப்போனால் கடையை மூடவேண்டியதுதான். அக்கா மறுபடி மலைக்குத்தான் போகவேண்டியிருக்கும். அக்கா பலகையில் வரிசையாக நின்ற செடிகளிடம் திரும்பி, "எல்லாம் ஒங்க கையிலதான்டி இருக்கு, கேட்டுக்கங்க" என்றார்.

ஆட்டோவில் ஒரு பூ

இங்கே வாசல் நிலையில் கற்றாழையை வேரோடு பிடுங்கித் தலைகீழாகக் கட்டுவார்கள், திருஷ்டி கழிய. கந்தப்பளை ஆட்டோக்காரர் ஒருவர் மொட்டு விட்ட செடியாகப் பொறுக்கி எடுத்து வாங்கிப்போனார். வீட்டில் வைப்பார் என்று நினைத்தேன். சில வாரம் கழித்து ஆட்டோவைக் கொட்டிலுக்கு முன்னால் நிறுத்தினார். முன்கண்ணாடிக்கு மேலே, வேரில் சிவப்புத் துணி சுற்றி, செடி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தண்டுகள் மேலே நிமிரப் பார்த்து, எல்லாமே தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தன. அந்த நிலையிலும் ஒரு பூ விரிந்திருந்தது.

அந்தப் பூ செத்த எலி மாதிரி நாறும். ஈயை வரவழைக்க அதற்கு அந்த நாற்றம் வேண்டும். வாங்குகிற எல்லோரிடமும் இதைச் சொல்லித்தான் கொடுப்பேன். இவரும் தலையாட்டிக் கேட்டவர்தான். இப்போது ஆட்டோவுக்குள் தலையை விட்ட எனக்கே மூச்சு முட்டியது. செடியை இறக்கிச் சாடியில் நட்டுக் கொடுக்கிறேன் என்றேன். அவருக்கு மனசில்லை. சிவப்புத் துணியின் முடிச்சை இறுக்கிவிட்டார்.

"திருஷ்டி சுத்தமா போயிருச்சுங்க தம்பி. என்ன, கூடவே பேசஞ்சரும் போயிட்டாங்க."

மட்டம்

தேயிலைச் செடியின் தலையைச் சீவிக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள் ஒரே மட்டமாக வெட்டிப் பழகியவர்கள். மேடும் பள்ளமுமாக நிற்கிற எதையும் அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ராசையா அண்ணனும் அப்படித்தான். மகளுக்கென்று என்னிடம் வாங்கிய செடியில் ஒரு தண்டு நெட்டையாகவும் ஒன்று கட்டையாகவும் வளர்வதைச் சில மாதம் பொறுத்திருக்கிறார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கவ்வாத்துக் கத்தியை எடுத்துவிட்டார். செடியையும் வெட்டிய துண்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். வேலை என்னவோ சுத்தமான வேலை. மேலே ஒரு தேத்தண்ணிக் கோப்பையை வைத்தால் சாயாது. மகள் அழுதுகொண்டிருக்கிறாளாம்.

ஒன்றும் கெட்டுப்போகவில்லை அண்ணே என்றேன். ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடி. உடனே மட்டும் நடக்கூடாது. ஈரம் படாத இடத்தில் போட்டு வைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டின பிறகுதான் மண்ணைக் காட்ட வேண்டும். தேயிலைக் கன்றும் போடுகிறவருக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. அங்கே வெட்டின கிளை வாடுவதற்குள் தண்ணீரில் போட்டு, நட்டு, நிழல் கட்டி, நனைத்துக்கொண்டே இருப்பார்கள். அவர் அக்காவைப் பார்த்தார். அக்காவும் அவர் பக்கம்தான் என்று தெரிந்ததும் அண்ணன் குரலை உயர்த்தினார்.

"வெட்டின காயத்தோட சும்மா போட்டு வெக்கிறதா? எங்க நாத்து மேடையில அப்புடிச் செஞ்சா தொரை என்னையும் சேத்துல்ல வெட்டிப் போட்டுருவாரு!"

மிச்சத் தேத்தண்ணி

ஒக்டோபர் மழையில் இடப்பக்கத்துப் பலகையில் இருந்த செடிகள் மட்டும் அழுக ஆரம்பித்தன. வலப்பக்கம் நன்றாக இருந்தது. கூரையில் ஓட்டை தேடினேன். பலகையை நகர்த்திப் போட்டேன். மண்ணை மாற்றினேன். ஒருநாள் சந்தைக்குப் போனவன் பாதியிலேயே திரும்பி வந்தபோது விளங்கிவிட்டது. அக்கா குடித்து மிச்சம் வைத்த தேத்தண்ணியில் பச்சைத் தண்ணீரைக் கலந்து, ஒவ்வொரு சாடிக்கும் ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டு போனார். அவர் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் இடம் இடப்பக்கம். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் மிச்சத் தேத்தண்ணி வாசல் ரோஜாவுக்குத்தான் போகும். பச்சையாக இருக்கும் எதற்கும் அங்கே இல்லை என்று சொல்வதில்லை.

இந்தச் செடிகள் போனால் தன் தோளுக்கு என்ன ஆகும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் எனக்குக் கோபமும் வரவில்லை. அன்று பொழுது சாயும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்து, அழுகலுக்கு மேலே வெட்டி, நல்ல துண்டுகளைத் தட்டுகளில் பரப்பினோம். ஹோட்டலுக்கு இனி இதுகளும் வலப்பக்கத்துச் செடிகளும்தான். நான் கத்தியை வைக்கும்போதெல்லாம் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெரிந்திருந்தும் ஏன் ஊற்றினீர்கள் என்று கேட்டேன்.

"அதுக காஞ்சு கெடக்கதப் பாத்துக்கிட்டே நான் மட்டும் எப்புடித் தம்பி குடிக்கிறது?"

வட்டகொடைக்காரர்

வட்டகொடையிலிருந்து ஒருவர் ரயிலில் நானுஓயா வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்தார். பையில் அழுகின செடி. அவருடைய மனைவி வீட்டு வேலைக்குக் குவைத் போகுமுன் என்னிடம் வாங்கியது. போனில் பேசும்போதெல்லாம் முதலில் செடியைத்தான் காட்டச் சொல்வாராம். இவரும் பயந்து பயந்து கவனித்திருக்கிறார். கவனிப்பு என்றால் தண்ணீர். ஒரு வாரமாகப் போனில் வெளிச்சம் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார். அதே மாதிரி ஒரு செடி வேண்டும், அச்சு அசலாக. போனில் படம் வைத்திருந்தார். மூன்று தண்டு, ஒன்று இடப்பக்கம் சாய்ந்தது, அதில் ஒரு தழும்பு.

கடை முழுக்கத் தேடினோம். பொருந்தி வந்தது, தப்பித்து நின்ற வலப்பக்கச் செடிகளில் ஒன்று. ஹோட்டலுக்கு ஒதுக்கி வைத்திருந்தது. நான் தயங்கினேன். அக்கா தயங்கவில்லை. எடுத்து வந்து, கொண்டை ஊசியால் சரியான இடத்தில் ஒரு தழும்பும் போட்டுக் கொடுத்தார். சில வாரம் கழித்து, அந்த மனுஷன் இன்னொரு சாடி வாங்க வந்தார். அக்கா முதல் கேள்வியாக, கண்டுபிடிச்சிட்டாங்களா என்று கேட்டார்.

"மொத நாளே கண்டுபிடிச்சிட்டா அக்கா. 'செடிய மாத்துனது இருக்கட்டும், நீங்க ஒழுங்கா சாப்பிடுறீங்களா'ன்னு கேட்டா."

காணாமல் போன சாடிகள்

நவம்பரில் தட்டுகளில் காய்ந்த துண்டுகளைச் சாடிகளில் நட்டோம். வேர் பிடிக்கிற நேரம் பார்த்துப் பெரிய காற்று வந்து கூரைப் பொலித்தீனைக் கிழித்துக்கொண்டு போனது. புதிது வாங்க நுவரெலியாவுக்கு ஓடினேன். திரும்பும்போது பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மறுநாள் காலையில்தான் கடைக்கு வர முடிந்தது. பலகைகள் வெறுமையாக இருந்தன. ஒரு சாடி இல்லை. அக்காவும் இல்லை.

அந்த வாரம்தான் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அக்காவிடம், டிசம்பர் கடைசிக்குள் மறுபடி வேலைக்குப் பேர் கொடுக்கிறியா இல்லையா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களத்தில் போய்ப் பார்த்தேன். அங்கே இல்லை. லயத்துக்குப் போனேன். அக்காவின் குசினி முழுக்கப் புகை. விறகடுப்புக்கு மேலே விறகு காய வைக்கும் பரணில், சுவரோரத்தில், அரிசிப் பெட்டி மேல், எல்லா இடத்திலும் என் சாடிகள். பக்கத்துக் குசினியிலும் அதேதான், அதற்கடுத்ததிலும். அக்காவால் கூடை சுமக்க முடியாதென்று லயத்துப் பெண்கள் கொழுந்துக் கூடைகளில் சாடிகளை அடுக்கி மழையோடு மழையாகச் சுமந்து வந்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், அந்த வாரம் அந்த மலையில் ஈரமில்லாத இடம் அது ஒன்றுதான். அக்கா இருமிக்கொண்டே எழுந்து வந்தார்.

"கோவிக்காதீங்க தம்பி. சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. குளிர்ல கெடக்குதேன்னு அடுப்புக்கிட்ட வெச்சேன், அம்புட்டுத்தான்."

கறுப்பு

டிசம்பர் பிறந்தபோது செடிகள் வேர்விட்டு உறுதியாக நின்றன. ஒரே குறை, கறுப்பாக இருந்தன. அந்த வெல்வெட் தண்டு புகைக்கரி முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டது. துடைத்தால் இன்னும் பரவியது. கழுவினால் அழுகும் என்று பயம். ஹோட்டல் மேனேஜர் வேனோடு வந்து இறங்கி, ஒரு சாடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சை நிறத்தில்தானே கேட்டேன் என்றார். முகர்ந்து பார்த்து, பொகை மணக்குதே என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். கூரை போனது, கூடை, அடுப்பு, எல்லாம். அக்கா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"அது சரி, மேசையில பாத்துட்டு கெஸ்ட் கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்றார் மேனேஜர், என்னிடம்.

பதில் அக்காவிடமிருந்து வந்தது. "லயத்து அடுப்புல வளந்ததுன்னு சொல்லுங்க சேர். இல்லாததையா சொல்றோம்?"

மேனேஜர் கையிலிருந்த சாடியைக் கீழே வைக்காமலே டிரைவரைக் கூப்பிட்டு வேன் கதவைத் திறக்கச் சொன்னார். மாசக் கடைசியில் அக்கா தோட்டத்தில் பேர் கொடுக்கவில்லை.

ஈர மலையில் கள்ளி வளர்த்து நான் கண்டதெல்லாம், செடியைச் சாகடிக்கிறவர்களும் பிழைக்க வைக்கிறவர்களும் அநேகமாக ஒரே ஆட்கள் என்பதுதான். அதனால் யாரையும் இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்ல முடிவதில்லை.