கண்ணாடிக்காரம்மாவின் ஏழு அட்டைகள்

மகளைக் கல்லூரிக்கு ரயிலேற்றிவிட்டு வந்த அந்தப் புதன்கிழமையும், கடையைத் திறந்ததும் கண்ணாடிக்காரம்மா முதலில் செய்தது சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டியதுதான். எட்டேகாலுக்கு ரயில். ஒன்பதுக்குக் கடை. பின்னாலேயே வந்த கணவர் ஷட்டரைத் தூக்கிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் மூடி வெச்சா என்ன?"

"மூடிட்டு? வீட்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காரவா? போங்க, உங்களுக்கு எங்கயாவது லிஃப்ட் மாட்டிக்கிட்டு நிக்கும்."

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. போய்விட்டார். கண்ணாடிக்காரம்மா அட்டை கோணாமல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். ரயில் நகர்ந்தபோது சன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து மகள் கத்திய கடைசி வாக்கியமும் அதைப் பற்றியதுதான்: "அம்மா, அட்டைய மாத்த மறந்துடாத!"

அவர் மறப்பதில்லை. அவரிடம் ஏழு அட்டைகள் இருக்கின்றன. மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சிறுத்து, கடைசி வரியில் எறும்பு ஊர்வது போல ஐந்து எழுத்துகள். பெரியவர்கள் வந்தால் ஒரே அட்டை நாள் முழுக்கத் தொங்கும். பிள்ளைகள் வந்தால் ஆளுக்கொரு தடவை மாற்றுவார். அட்டைக்கு முன்னால் பழைய நீலத் திரை ஒன்றும் உண்டு. பிள்ளை நாற்காலியில் ஏறி உட்கார்ந்து ஒரு கண்ணைப் பொத்திய பிறகுதான் திரை விலகும். அதற்கும் முன்னால், எதுவும் பேசாமல் கைக்கருவியால் விழிக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்துவிடுவார். வாய் சொல்வதற்கு முன்பே கண் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு.

கடை மிக நீளம், மிகக் குறுகல். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். இடது சுவரில் பிரேம்கள், வலது சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடிகள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் தன் மூக்குக் கண்ணாடியை அவர் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது தேடுவார். "இங்கதானே வெச்சேன்" என்று மேசையைத் தடவும்போது, காத்திருப்பவர்கள் யாராவது அவர் கழுத்தைச் சுட்டிக் காட்டுவார்கள். "தெரியும், தெரியும். உங்களுக்குக் கண்ணு தெரியுதான்னு பாத்தேன்" என்பார்.

அவரிடம் உள்ள விசித்திரம், அட்டையைப் படிக்கும் யாரிடமும் அவர் 'சரி' என்று சொல்வதில்லை. 'தப்பு' என்றும் சொல்வதில்லை. எழுத்தை எப்படி வாசித்தாலும் ஒரே பதில்தான்: "ம், அடுத்தது."

இதில் பிள்ளைகள் தவித்துப்போவார்கள். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், படித்து முடித்து நாற்காலியிலிருந்து இறங்க மறுத்துவிட்டாள்.

"எத்தன மார்க் ஆன்ட்டி?"

"இதுல மார்க்கே கிடையாதுடா தங்கம்."

"அப்ப நான் பாஸா, ஃபெயிலா?"

"நான்தான் ஃபெயில் ஆவேன், உனக்குத் தப்பான கண்ணாடி குடுத்தா."

அந்தப் பெண் சிரித்தாள். கூட வந்த அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையில் நுழைவுத் தேர்வுக் கையேடு இருந்தது.

ஊருக்குள் ஒரு பெரிய பள்ளிக்கூடம் உண்டு. பத்து வயதில் அதற்கு நுழைவுத் தேர்வு. அறுபது இடம், ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள். கண்ணாடிக்காரம்மாவின் மகளும் ஒரு காலத்தில் அந்த ஆயிரத்துச் சொச்சத்தில் ஒருத்தி. சுண்டு என்று கூப்பிடுவார்கள். உருவம் அவ்வளவுதான், வாய் மட்டும் பெரிது.

பயிற்சி வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை தேர்வு, திங்கட்கிழமை இடமாற்றம். அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் முதல் வரிசை, அப்படியே குறையக் குறையப் பின்னால். மொத்தம் எட்டு வரிசை. சுண்டு மூன்றாவது வரிசையில் ஆரம்பித்தாள். அடுத்த மாதம் நான்கு. அதற்கடுத்து ஆறு. அவள் அப்பா, லிஃப்ட்காரர், வீட்டுக் கூடத்தில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றைப் பலகையில் வரைந்து, அதில் காந்தம் ஒட்டிய ஒரு பொம்மையை ஏற்றி இறக்கினார். "ரெண்டு மாடி இறங்கிட்டியே கண்ணு" என்று அன்பாகத்தான் சொல்வார். அன்பாகச் சொன்னதால் அவளால் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

வகுப்பு ஆசிரியர் ஒரு நாள் கூப்பிட்டு, "கவனம் பத்தல. எல்லாருக்கும் எல்லாம் வராதுங்க" என்றார். பக்கத்தில் சுண்டு நின்றிருந்தாள்.

கண்ணாடிக்காரம்மாவுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஒரு மாலை, வெளியே ஆறு பேர் காத்திருக்கும்போது, மகளை நாற்காலியில் ஏற்றினார். அவள் மளமளவென்று படித்தாள். மேல் எழுத்திலிருந்து கடைசி வரியின் எறும்புகள் வரை ஒரு திணறல் இல்லை. "சபாஷ், முழு மார்க்!" என்று கன்னத்தைத் தட்டி இறக்கிவிட்டார் அம்மா. அந்த வருடம் முழுவதிலும் சுண்டு வாங்கிய ஒரே முழு மார்க் அது. அன்று இரவு அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி தூங்கினாள். கண்ணில் கோளாறு இல்லை என்று அம்மாவும் நிம்மதியாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்தைத்தான் அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

தேர்வு அன்று சுண்டு புது அழிப்பானோடு போனாள். பாதி அழிப்பானோடு திரும்பினாள். தெரிந்த கணக்கையும் எழுதி எழுதி அழித்திருந்தாள். பட்டியலில் பெயர் இல்லை. "நான் மக்கும்மா. விடு" என்றாள், ஏதோ தன் ரத்த வகையைச் சொல்வது போல.

அந்த விடுமுறையில் கடைக்குப் புது அட்டை பார்சலில் வந்தது. பழையது மஞ்சளாகியிருந்தது. கண்ணாடிக்காரம்மா ஏணியில் நின்று மாட்டினார். விளக்கு வெளிச்சம் போதுமா என்று பார்க்க வேண்டும். கடையின் மறுகோடியில் படம் வரைந்துகொண்டிருந்த மகளிடம், "சுண்டு, கடைசி வரி தெரியுதா, வாசி" என்றார்.

சுண்டு தலையை நிமிர்த்தினாள். "ய, ப, ட, ம, ல."

ஏணியில் நின்றவரின் மூக்குக்கு நேரே கடைசி வரி இருந்தது: ர, க, ன, ச, த.

ய, ப, ட, ம, ல பழைய அட்டையின் கடைசி வரி. கடையிலேயே வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த பிள்ளை. வருகிற போகிறவர்கள் எல்லாம் வாசித்த எழுத்துகளை ஆயிரம் தடவை கேட்டவள். அதையே புதிதாக அச்சடித்து அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துவிட்டாள்.

அம்மா ஏணியிலிருந்து எப்படி இறங்கினார் என்று அவருக்கே நினைவில்லை. விழிக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டரை. கரும்பலகையில் அவள் ஒரு வருடம் பார்த்தது வெறும் வெள்ளைப் புகை. தெரியாததால் மதிப்பெண் குறைந்திருக்கிறது, குறைந்ததால் பின்னால் போயிருக்கிறாள், பின்னால் போனதால் இன்னும் தெரியவில்லை.

"ஏன்டி, அன்னிக்கு ஒப்பிச்சியா?"

சுண்டு பென்சிலைக் கடித்தாள். "இதுலயாவது முழு மார்க் வாங்கலாம்னு பாத்தேன்."

சோதனைச் சட்டத்தில் லென்ஸ்களைச் செருகி மாட்டியதும் அவள் வாசலுக்கு ஓடி எதிர்க்கடையைப் பார்த்தாள். "அம்மா! தையல்கார அங்கிளுக்கு மீச இருக்கு!" பிறகு திரும்பி வந்து, அதே குரலில், "இப்ப நான் கண்ணாடி போட்ட மக்கு, அவ்ளோதான்" என்றாள்.

லென்ஸ் மாட்டியாயிற்று. இந்த மக்கை எந்த லென்ஸ் போட்டு எடுப்பது?

கண்ணாடிக்காரம்மா தானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "நீ எனக்குப் பாரு" என்றார்.

சுண்டு குச்சியை எடுத்துக்கொண்டு அட்டைக்குப் பக்கத்தில் நின்றாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் அம்மா, "தெரியல" என்றார்.

"நல்லா பாரும்மா."

"பாத்துட்டேன். தெரியல."

"தெரியலன்னு பட்டுனு சொல்ற? வெக்கமா இல்ல?"

"சொன்னாத்தானே நீ லென்ஸ மாத்துவ. தெரியுது தெரியுதுன்னா, குருடியாவே வீட்டுக்குப் போவேன்."

சுண்டு குச்சியைக் கீழே வைத்தாள். பிறகு ஒவ்வொரு லென்ஸாக மாற்றினாள். ஒவ்வொன்றுக்கும், பெரிய மனுஷி போல, "ம், அடுத்தது" என்றாள். அந்தச் சொல் அவளுடையதுதான். அம்மா அதைப் பிறகு எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை லிஃப்ட்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் எழுந்து போய் வேலைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து வந்து, கூடத்தில் இருந்த எட்டு மாடிக் கட்டடத்தைக் கழற்றினார். திருகாணி ஓட்டைகள் நான்கும் சுவரில் இன்னும் இருக்கின்றன. வெள்ளையடிக்கும்போதுகூட அடைக்க விடவில்லை அவர்.

சுண்டு தெருமுனைப் பள்ளியிலேயே படித்தாள். ஒரே நாளில் ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனால் மாலைகளில் கடையில் வீட்டுப்பாடம் எழுதும்போது, கணக்கு வரவில்லை என்றால் அழிப்பானைத் தேடாமல், "தெரியல!" என்று கடை அதிரக் கத்துவாள். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருப்பவர்கள் திடுக்கிடுவார்கள். கண்ணாடிக்காரம்மாவுக்கு இப்போதும் அந்தக் கத்தல் காதில் இருக்கிறது. நாலு மணி ஆனால், யாரும் கத்தாத அந்த மூலையை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்கிறார்.

ரயில் போய் நான்கு ஆண்டுகள் கழித்து, ஒரு பகலில், மேசை மேல் போன் அதிர்ந்தது. நாற்காலியில் ஒரு சின்னப் பையன் கண்ணைப் பொத்திக்கொண்டு காத்திருந்தான். சாப்பாட்டுக்கு வந்திருந்த லிஃப்ட்காரர் பிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரம்மா போனைக் கை நீட்டித் தள்ளி வைத்துப் படித்தார்.

"நேர்முகத் தேர்வு முடிஞ்சுதும்மா. அஞ்சு பேர் உக்காந்திருந்தாங்க. மூணாவது கேள்விக்கு, தெரியல, எப்படின்னு சொல்லுங்கன்னேன். அதுல ஒருத்தர் எழுந்து போர்டுல எழுதியே காட்டினார். கடைசி பெஞ்சுல இருந்தாலும் தெரிஞ்சிருக்கும், அவ்ளோ பெரிய எழுத்து."

"சுண்டுவா? வேல கெடச்சுதாமா?" என்றார் லிஃப்ட்காரர்.

அதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்காரம்மா கேட்கவும் இல்லை. கழுத்தில் தொங்கிய கண்ணாடியை, தேடாமலே எடுத்து மாட்டிக்கொண்டார். கட்டை விரலால் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, "ம், அடுத்தது" என்று தட்டி அனுப்பிவிட்டு, பையனுக்காகத் திரையை விலக்கினார்.