முப்பத்திரண்டு வினாடி

தொலைபேசித் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எல்லா விதிமுறையும் தெரியும்.

வங்காளத்தில், டாக்குரியா என்ற பகுதியில் ஒரு நர்சிங் ஹோமில் மனைவிக்கு அறுவை சிகிச்சை. எனக்குக் காய்ச்சல் என்பதால் உள்ளே விடவில்லை. வீட்டிலிருந்து போனில்தான் விசாரிக்க வேண்டும். அங்கே இருந்தது இணையவழித் தொலைபேசி. ஒவ்வோர் அழைப்பும் முப்பத்திரண்டாவது வினாடியில் அறுந்தது. காரணம் உடனே புரிந்தது. அவர்கள் போனை எடுத்ததும் என் பக்கத்திலிருந்து தானாகப் போகவேண்டிய ஒப்புதல் சிக்னல் அங்கே போய்ச் சேரவில்லை. அவர்களுடைய கருவி அவ்வளவு நேரம் காத்திருந்து, விதிப்படி துண்டிக்கிறது.

வரவேற்பறைப் பெண்ணிடம் இதை விளக்கினேன். அறுந்தது. மறுபடி கூப்பிட்டு, ரவுட்டரில் எந்த முகவரியை மாற்றுவது என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அறுந்தது. புகார் எண் கேட்டேன். அதற்குள்ளும் அறுந்தது.

நான்காவது முறை அவள் வங்காள மொழியில் முந்திக்கொண்டாள். அவர்கள் வழக்கப்படி நான் மேஷோமொஷாய், அதாவது சித்தப்பா; என் மனைவி மாஷிமா, சித்தி.

"மேஷோமொஷாய், லைன் சரியில்லன்னு எங்களுக்கும் தெரியும். மாஷிமா எப்படி இருக்காங்கன்னு நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே?"

"எப்படி இருக்கா?"

"தியேட்டர்லேருந்து இன்னும்..."

அறுந்தது. பிறகு ஒரு மணி நேரம் லைனே கிடைக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனைவி நல்லபடியாக வீடு திரும்பினாள். அவளிடம் இதுவரை சொல்லாததை இங்கே சொல்கிறேன். கோளாறுக்கு விடை என்னிடம் இருந்தது. அதனால்தான் அதையே பேசினேன். மற்ற கேள்வியைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.