ஈர வட்டு

தட்டக்கா என்றால்தான் அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளைக் கழுவி, வேகவைத்து, கிருமிக்குத் தீனியான கூழ் ஊற்றி அவளுக்கு இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

"வீட்டுல சாப்பாட்டுத் தட்டையும் இப்படித்தான் வேகவைப்பீங்களாக்கா?" என்று மாணவர்கள் சீண்டுவார்கள்.

"முதல்ல உங்க வாயை வேகவைக்கணும்டா."

வீட்டிலோ கணவருக்குக் குதிகாலில் புண். சர்க்கரை உடம்பு, ஐந்து வாரமாக ஆறவில்லை. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறுத்திவிட்டு, கொல்லைச் செடியின் இலையை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார் அந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.

"உன் தட்டுலயே வெச்சுப் பாரேன். கிருமி சாகலன்னா நானே ஆஸ்பத்திரிக்கு வர்றேன்."

"பேச்சு மாறக் கூடாது."

இலையை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்த எரிசாராயத்தில் ஊறவைத்து வடிகட்டினாள். இரும்பு உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டதும் சாறு கறுத்தது. டானின் என்ற துவர்ப்புச் சத்து தாராளமாக இருந்தது. சாற்றில் நனைத்த காகித வட்டைக் கிருமி தடவிய தட்டில் வைத்துவிட்டு, பேருந்துக்கு ஓடினாள். மறுநாள் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம். அங்கே கிருமி வளரவே இல்லை. உடனே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"நான் அப்பவே சொல்லல?" என்றார். இலையே போதும் என்று காலில் சுற்றியிருந்த துணிக்கட்டையும் அன்றே குப்பையில் போட்டார்.

இரண்டு நாள் கழித்து, வேறோர் இலையைச் சோதித்த மாணவியைத் திட்டிக்கொண்டிருந்தாள். "வட்டைக் காயவெச்சியா? ஈரத்தோட வெச்சா சாராயமே கிருமியைக் கொன்னுடும். உன் இலைக்கு என்னம்மா பெருமை?"

சொல்லும்போதே அவளுக்குத் தன் ஈர வட்டு நினைவுக்கு வந்தது.

மறுபடி செய்தாள். இந்த முறை இலைச்சாற்றில் நனைத்து நன்றாகக் காயவைத்த வட்டு ஒன்று, வெறும் சாராயத்தில் நனைத்த ஈர வட்டு ஒன்று. மறுநாள் இலை வட்டின் விளிம்புவரை கிருமி மண்டிக் கிடந்தது. வளையம் சாராயத்துக்குத்தான்.

செல்போனில் எடுத்த படத்தை அவர் முன் நீட்டினாள். "தப்பு என்னுதுங்க. அவசரத்துல காயவிடாம வெச்சுட்டேன். இலையில சத்து இருக்கு, ஆனா உங்க புண்ணுக்கு அது போதாது."

"ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவ நீ."

"ஆமா. திட்டணும்னா ஆஸ்பத்திரிக்குப் போற வழியில திட்டுங்க."

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "அப்போ அந்தச் சாராயத்தையே கால்ல ஊத்திட்டா என்ன?"

"ஊத்தினா அலறல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். எழுந்திருங்க."

அவர் ஒற்றைக் கால் செருப்பைத் தேடினார். புண் இருந்த காலுக்கு அவள் துணி சுற்றினாள்.