கடைசி ஆளுக்குப் பின்னால்

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். ஒரு பொருள் ஏன் நகர்கிறது, ஏன் நிற்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்த மலையில் நடந்ததற்கு மட்டும் இன்றுவரை காரணம் தெரியவில்லை. ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன். சந்தேகம் இருந்தால் என் மச்சினனைக் கேட்கலாம். அவன் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவான். அதுவே ஒரு பதில்தான்.

ஐந்து பேர், ஐந்து பைக். மூன்று கணவாய்களைத் தாண்டும் மலைச்சாலை. வண்டி ஓட்டுகிறவர்களுக்கென்றே வளைத்து வளைத்துப் போட்டதுபோல் இருக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு, அடியில் நூலாக ஓர் ஆறு. முதல் இரண்டு கணவாய்களை நல்ல வெயிலில், வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டே தாண்டினோம். மூன்றாவதன் உச்சியில் பனிமூட்டம் பிடித்துக்கொண்டது.

மேலே போகும் முன் ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். அது புரிந்தால்தான் என் பயமும் புரியும்.

கூட்டமாகப் பைக்கில் போகிறவர்கள் வழி தவறாமல் இருக்க ஒரு முறை உண்டு. சாலை பிரியும் இடத்தில், முன்னால் போகிற தலைவர் தனக்கு அடுத்தவரை நிறுத்திவிட்டுப் போவார். நின்றவர், பின்னால் வருகிறவர்களுக்கு வழி இது என்று கை காட்டுவார். கடைசியில் வருபவர் மட்டும் மஞ்சள் மேல்சட்டை போட்டிருப்பார். அவர் வந்து இரண்டு முறை ஹாரன் அடித்ததும், நின்றவர் கிளம்பி அவருக்கு முன்னால் போக வேண்டும். ஆக, கடைசி ஆள் எப்போதும் கடைசி. அவருக்குப் பின்னால் நம்மவர் யாரும் இருக்க முடியாது.

எங்கள் கடைசி ஆள் என் மனைவியின் தம்பி. டயர் கடைக்காரன். வழியில் யார் வண்டி படுத்தாலும் பின்னால் வருகிறவன்தானே பார்க்க முடியும்? நிதானமாக ஓட்டுவதால் அவனுக்கு ஆமை என்று பெயர்.

"ஆமை, நீ வந்து சேர்றதுக்குள்ள நாங்க தூங்கி எந்திரிச்சிருவோம்டா" என்றார் எங்கள் தலைவர். மருந்துக் கடை வைத்திருக்கிறவர். நாங்கள் கேப்டன் என்போம்.

"போங்க, போங்க. பஞ்சரானா மாத்திரை போட்டுக்குங்க."

கிளம்பிய அன்று என் ஹெல்மெட் வாரை மனைவிதான் மாட்டிவிட்டாள். அப்போது ஒன்றுதான் சொன்னாள். "எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. கூட்டிட்டுப் போறீங்க, கூட்டிட்டு வந்துருங்க."

உச்சிக்குச் சற்றுக் கீழே சாலை இரண்டாகப் பிரிந்தது. கேப்டன் என்னை நிறுத்தினார்.

"வலது பக்கம் புது ரோடு. இடது பழசு. போன மழையில பாலம் அடிச்சிட்டுப் போயிருச்சாம். ஆமை வர்ற வரைக்கும் நகராத."

பலகை இல்லை. தடுப்பு இல்லை. இரண்டு சாலைகளும் ஒரே மாதிரி திறந்து கிடந்தன. வலது பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். மற்ற இருவரும் கடந்து போனார்கள். மணி நாலரை. பொழுது சாயவில்லை. ஆனால் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

ஆமை வரவில்லை. விரல்கள் விறைத்தன. எஞ்சின் மீது கையை வைத்துச் சூடேற்றிக்கொண்டேன்.

பிறகு பனிக்குள் ஒரு மஞ்சள் தெரிந்தது. ஒற்றை விளக்கு. இரண்டு ஹாரன்.

அப்பாடா என்று கிளம்பினேன்.

இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே போகக் கூடாது. சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துவிடும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் பஞ்சை அழுத்துவதுபோல் இருக்கும். அதனால் இரண்டாவது கியரில் போட்டு, எஞ்சினையே வண்டியைப் பிடிக்க விட வேண்டும். அப்போது எஞ்சின் அடித்தொண்டையில் உறுமும். என் வண்டி உறுமிக்கொண்டுதான் இறங்கியது.

பின்னால் அந்த உறுமல் இல்லை.

கியரைத் தள்ளிவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறானோ? முட்டாள்தனம். கீழே போய்த் திட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். விளக்கு இருந்தது.

அப்புறம் இன்னொன்று உறைத்தது. பனியில் பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால், நம் நிழல் முன்னால் இருக்கிற பனியில் பெரிதாக விழும். திரையில் விழுவது மாதிரி. எனக்கு முன்னால் பனி வெள்ளையாகவே இருந்தது.

நிழல் இல்லை.

முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. அந்த வளைவில் வண்டி முழுசாகத் திரும்பும். அப்போது கண்ணாடியில் பள்ளத்தாக்குதான் தெரிய வேண்டும். பின்னால் வருகிறவன் இன்னும் மேல்சாலையில் இருப்பான். அவன் விளக்கு கண்ணாடியை விட்டு மறைந்தே தீர வேண்டும்.

மறையவில்லை.

கண்ணாடியின் அதே மூலையில் இருந்தது. அசையவே இல்லை.

வேகம் கூட்டினேன். அதே இடம். குறைத்தேன். அதே இடம்.

நிறுத்தினேன்.

எஞ்சினை அணைத்தேன். சூடான இரும்பு சுருங்குகிற டிக்... டிக்... சத்தம். என் வண்டியிலிருந்து மட்டும்.

"டேய், ஆமை" என்றேன். திரும்பாமலே.



திரும்பிப் பார்த்தேன். வெறும் சாலை. பனி.

கண்ணாடியைப் பார்த்தேன்.

விளக்கு.

அப்போதுதான் அது கேட்டது. மேலே, வெகு தூரத்தில், நான் விட்டு வந்த இடத்திலிருந்து... இரண்டு ஹாரன்.

ஆமையின் ஹாரன். அதை வாங்கி மாட்டியதே நான்தான். எனக்குத் தெரியாதா?

அவன் இப்போதுதான் சாலை பிரியும் இடத்துக்கு வந்திருக்கிறான். கை காட்ட அங்கே ஆளில்லை. இடது பக்கம் பாலம் இல்லை.

வண்டியைத் திருப்பினேன். திருப்பினால் அந்த விளக்கு எனக்கு எதிரே வந்தாக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். எதிரே யாரும் வரவில்லை.

அது கண்ணாடியில்தான் இருந்தது. இப்போதும் பின்னால்.

முதல் கியர். இரண்டாவது. ஹாரனிலிருந்து கட்டை விரலை எடுக்கவே இல்லை. நில்லுடா... நின்னுடுடா...

வளைவு.

மேடு.

சாலை பிரியும் இடம்.

கண்ணாடியில் வெறும் பனிதான். விளக்கைக் காணோம்.

இடது சாலைக்குள், இருபதடி தள்ளி, மஞ்சள் மேல்சட்டை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. காலை ஊன்றி நின்றிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமை."

அவன் தோள் குலுங்கியது.

"திரும்பு. வா இந்தப் பக்கம்."

மெதுவாக வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா, நீங்க எங்கேருந்து வர்றீங்க?"

"கீழேருந்து. நீ ஏன்டா இதுக்குள்ள போன?"

"நீங்கதானே கை காட்டினீங்க."

எஞ்சினை அணைத்தேன். அவனே தொடர்ந்தான்.

"கிளட்ச் வயர் மாத்திட்டு லேட்டா வந்தேன். நீங்க இங்க நின்னு இடது பக்கம் கை நீட்டிக்கிட்டு இருந்தீங்க. ரெண்டு தடவை அடிச்சேன். கிளம்பவே இல்ல. சரி, குளிருல வண்டி ஸ்டார்ட் ஆகல போலன்னு உள்ள போனேன். கண்ணாடியில பாத்தா..." தன் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினான். "நீங்க எனக்குப் பின்னாடி வர்றீங்க. நான்தானே மாமா கடைசி ஆள்? எனக்குப் பின்னாடி எப்படி வருவீங்க? அதான் நிறுத்திட்டேன்."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில், கை தொடும் தூரத்தில் இறங்கினோம். யாரும் யாருக்கும் பின்னால் வரவில்லை.

அடிவாரத்தில் சாலைப் பணியாளர்களின் கொட்டகை இருந்தது. கேப்டன் அங்கேதான் காத்திருந்தார். பழைய சாலை திறந்து கிடக்கிறது என்று நான் சொன்னதும் மேற்பார்வையாளருக்குக் கோபம் வந்துவிட்டது.

"திறந்து கிடக்குதா? என் வேலைக்கே உலை வைக்கிறீங்களே. காலையில வந்து காட்டுங்க, பாப்போம்."

காலையில் போனோம். பனி இல்லை. பளிச்சென்று வெயில்.

இடது சாலையின் வாயை அடைத்துக்கொண்டு ஐந்து பெரிய டிரம்கள் நின்றன. ஒன்றோடொன்று ஒட்டி. இடையில் கை நுழைக்க முடியாது.

"தண்ணி நிரப்பினது" என்றார் மேற்பார்வையாளர். "ஒண்ணை அசைக்க நாலு ஆள் வேணும். போன மழையிலேருந்து இங்கதான் நிக்குது."

ஒன்றைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அடியைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது.

நேற்று நான் அதே இடத்தில் நின்றேன். ஒரு டிரம்கூட இல்லை.

ஆமை டிரம்களுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பார்த்தபடியே நின்றான். நானும் எட்டிப் பார்த்தேன்.

அந்தப் பக்கம் ஈர மண். அதில் ஒரு டயர் தடம். டிரம்மின் ஓரத்திலேயே தொடங்கி, இருபதடி போய், திரும்பி வந்து, டிரம்மின் ஓரத்திலேயே முடிந்தது.

"இது என்னோடது, மாமா" என்றான். "நானே மாட்டின டயர்."

அதன் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அதையும் அவன்தான் படித்தான். டயர் கடைக்காரனுக்கு மண் பிதுங்கியிருக்கிற விதத்தைப் பார்த்தாலே வண்டி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று தெரியும்.

"பாலம் இருந்த பக்கத்துலேருந்து வந்திருக்கு. வெளிய வந்திருக்கு."

"திரும்பிப் போன தடம்?"

தேடினான். வெகுநேரம் தேடினான்.

"இல்ல, மாமா."

மேற்பார்வையாளர் கீழே இறங்கிப் போய்விட்டார்.

அன்று நாங்கள் ஊர் திரும்ப வேண்டும். மஞ்சள் மேல்சட்டையை நடுவில் போட்டுவிட்டு ஐந்து பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் எடுக்கவில்லை. ஆனால் ஐந்து வண்டி போனால் ஒன்று கடைசியாக வந்துதான் ஆக வேண்டும். ஆமையை மறுபடி கடைசியில் விட்டுவிட்டு அவன் அக்காவின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

கிளம்பும் முன் ஸ்பேனரை எடுத்து இரண்டு கண்ணாடிகளையும் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.