அம்மா ஓட்டிய ஜீப்

நான் வேலை பார்க்கும் வளைகுடா நகரில், அல் குசைஸ் பட்டறையில் எட்டு மாதமாகப் பிரித்துப் போட்டிருந்த என் பழைய ஜீப் இன்று காலை முதல்முறையாக உறுமியது. சூடான ரெக்சினும் பெட்ரோலும் கலந்த வாசனை வந்ததும் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது.

அப்போது தோஹாவில் இருந்தோம். அப்பாவிடம் இதே மாதிரி ஒரு ஜீப். அம்மா லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாகியும் அப்பா அவளிடம் வண்டியைத் தந்ததே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பாலைவனத்தில் ஜீப் மணலில் புதைந்தது. அப்பா ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாக இறங்கியது.

"டயர்ல காத்தைக் குறைங்க. நான் ஓட்டுறேன், நீங்க தள்ளுங்க," என்றாள் அம்மா.

வேறு வழியில்லாமல் அப்பா இறங்கிக் காற்றைக் குறைத்தார்; நானும் இறங்கி அவரோடு சேர்ந்து தள்ளினேன். ஜீப் மெல்ல அசைந்து, சட்டென்று மேலேறியது. அம்மா நிறுத்தவில்லை. எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"நிறுத்தினா மறுபடி புதைஞ்சிடும்! ஓடி வந்து ஏறுங்க!"

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் அப்பாவும் ஓடினோம். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தொற்றி ஏறிய அப்பாவும் மூச்சிரைக்கச் சிரித்தார். வீடுவரை அம்மாதான் ஓட்டினாள்.

பட்டறையிலிருந்தே திருச்சியில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்க வைத்தேன்.

"இந்த வருஷம் லீவுக்கு நீ வராதடா," என்றாள். "நாங்க அங்க வர்றோம்."