சாமுவேல் அண்ணனும் அரைப்புள்ளிகளும்

சாமுவேல் அண்ணன் தவறிவிட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது, அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. காலையிலிருந்தே நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் புதுவாயல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இது என்ன வலி என்று முகம் தெரியாதவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாராம். கும்மிடிப்பூண்டி ஃபவுண்டரியில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

அங்கே அவர் கம்ப்யூட்டர் பார்த்தார். நான் பக்கத்து மேசையில் பர்சேஸ் பார்த்தேன். உலையைப் பராமரிக்கும் முறையையெல்லாம் தன் கம்ப்யூட்டரில் எழுதி வைத்துவிட்டு இன்ஜினியர் ஒருவர் வளைகுடாவுக்குப் போனார். பிறகு அந்தக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. அண்ணன் அந்தக் கோப்பைப் புதியதற்கு மாற்றித் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரே குப்பை. இவர்தான் பூட்டு போட்டுவிட்டார் என்று மேனேஜர் முடிவு கட்டினார். சனிக்கிழமைக்குள் திறக்காவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

“இது இன்னாவோ ஒரு என்கிரிப்ஷன்மா. யாருக்கும் தெரியாத ரகம்” என்றார் அண்ணன். சங்கேத எழுத்துகளை உடைப்பவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் கேள்வி போட்டார். ‘மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கு’ என்று ஆங்கிலத்தில் தொடங்கி, குடும்ப நிலவரம், மேனேஜரின் குணம் எல்லாம் எழுதினார். கோப்பை இணைக்கத்தான் மறந்துவிட்டார். அதற்குத் திட்டு வாங்கி, பிறகு இணைத்து, திட்டியவருக்கும் தனியாக நன்றி எழுதினார். ஆங்கிலம் அவருக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். பதில்களை அச்செடுத்து வந்து என்னைப் படிக்கச் சொல்லிப் பிராணனை வாங்கினார்.

எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: மூலம் எந்த மொழி? ஆங்கிலம் என்று இவர் அடித்துச் சொல்லியிருந்தார்.

“உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?” என்றேன்.

“கம்ப்யூட்டர்ல யாருமா தமிழ்ல எழுதிக்கினு இருப்பாங்க? பேஜாரு பண்ணாத.”

தலையில் அடித்துக்கொண்டேன். அங்கே பெரிய பெரிய ஆட்கள் அரைப்புள்ளிகளை எண்ணி, இது அபூர்வமான வகை என்று சண்டை போட்டார்கள். அண்ணனுக்குப் பெருமை வேறு. “அவங்களுக்கே தெரியலமா” என்றார். வேலை போகப்போகிறவர் பேசுகிற பேச்சா இது?

வெள்ளிக்கிழமை, கனடாவிலிருந்து ஓர் இலங்கைத் தமிழர் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதியிருந்தார். “அண்ணை, இது தமிழ். பழைய எழுத்துரு. அது இல்லாட்டி ஆங்கில எழுத்தாத்தான் தெரியும். அதைப் போட்டுப் பாருங்கோ.”

போட்டோம். முதல் வரி தெரிந்தது. ‘சாமுவேல், உங்களுக்கு ஆங்கிலம் சிரமம் என்பதால் தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.’

வேலை தப்பியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழுவுக்கு எழுதினார்: ‘ஐயாமார்களே, தீர்ந்தது. அது என் தாய்மொழி.’

இப்போதும் எனக்கு ஏதாவது புரியாவிட்டால், நம்முடையதுதானா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். அது அவர் கொடுத்துவிட்டுப் போனது. அவர்மேல் பட்ட எரிச்சலும் கொஞ்சமும் குறையாமல் என்னிடமே இருக்கிறது. அதைக் காட்டத்தான் ஆளில்லை.