வீட்டுக்கு ஒரு மெயில் ஐடி

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வச்சுத்தான் என் தலை நரைச்சது. தண்ணியில விழுந்தது, டிஸ்ப்ளே உடைஞ்சது, சார்ஜ் ஏறாததுன்னு அம்புட்டையும் பாத்துட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதுசா வர்ற பசங்களுக்கு ஒரு கேஸைச் சொல்றேன். இதுல போன்ல ஒரு கோளாறும் கிடையாது.

ஒரு மத்தியானம் மேகலான்னு ஒரு பிள்ளை கடைக்கு வந்துச்சு. செல்லூர்ல ஒரு லேப்ல ரத்த டெஸ்ட் எடுக்குற வேலை. மூஞ்சி வெளிறிக் கிடந்துச்சு.

"அண்ணே, போன்ல வைரஸ் ஏறிருக்கா பாருங்க. சென்னையில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில எனக்கு வேலை கிடைச்சுச்சு. சரின்னு குடுக்கலாம்னு பாத்தா, நானே அவுக வெப்சைட்ல போயி வேண்டாம்னு குடுத்துட்டேனாம். சத்தியமா நான் தொடலண்ணே."

"பாஸ்வேர்டை யார்கிட்டயாவது சொன்னியா தாயி?"

"எங்கம்மாகிட்டகூடச் சொல்லல."

செட்டிங்ஸைத் திறந்து பாத்தேன். வைரஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. போன்ல இருந்த கூகுள் ஐடி அந்தப் பிள்ளையோட அண்ணன் பேர்ல இருந்துச்சு. நம்ம ஊர்ல இது சகஜம். ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ஒரு ஐடி. பொம்பளப் பிள்ளைக்குப் போன் வாங்கப் போனா, கூட வந்த ஆம்பளை தன் ஐடியைச் சொல்லிருவாரு. கடைக்காரனும் அதையே போட்டுக் குடுத்துருவான். அப்புறம் "பாஸ்வேர்டு சேவ் பண்ணவா"ன்னு போன் கேக்குறப்ப எல்லாம் அந்தப் பிள்ளை சரின்னு அமுக்கும். அதெல்லாம் அந்த ஐடிக்குள்ள போயி, அதே ஐடி இருக்கிற எல்லாப் போன்லயும் உக்காந்துக்கும். இதைத்தான் சிங்க்னு சொல்றோம்.

அந்த ஐடி எந்தெந்தப் போன்ல இருக்குன்னு காட்டுற டிவைஸ் லிஸ்டைக் காமிச்சேன். இன்னொரு போனும் இருந்துச்சு.

"இது யாரு போனு?"

மேகலா அதைப் பாத்துட்டு அப்படியே ஸ்டூல்ல உக்காந்துருச்சு. "எங்கண்ணனோடது. அப்ப அவன்தான் என் பாஸ்வேர்டை வச்சு வேண்டாம்னு குடுத்துருக்கான். நேத்து எனக்குப் பரோட்டா வாங்கியாந்து குடுத்தான்ணே. மூஞ்சியில ஒண்ணுமே காட்டிக்கல."

மேகலா கடையில இருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச்சு. இந்த இடம் வேற ஆளுக்குப் போயிருச்சு, அடுத்து ஆள் எடுக்கும்போது மறுபடி அப்ளை பண்ணும்மான்னு சொன்னாக. அந்த ஒரு வார்த்தையிலதான் அதுக்கு மூச்சு வந்துச்சு.

மேகலா பேர்லயே தனி ஐடி திறந்தோம். அண்ணன் ஐடியை எடுத்துட்டு, வெப்சைட் ஒவ்வொண்ணுக்கும் பாஸ்வேர்டை மாத்தி, புது ஐடியில சேவ் பண்ண வச்சேன். கரண்ட் பில்லு, கேஸ் புக்கிங் மாதிரி வீட்ல எல்லாருக்கும் வேணுங்கிறதை மட்டும் தனியா ஷேர் பண்ணிக்கலாம், மத்தது உன்கிட்டயே இருக்கட்டும்னு சொன்னேன். ஒவ்வொரு ஸ்டெப்பையும் அந்தப் பிள்ளையையே செய்யச் சொன்னேன். கற்பூரமா பிடிச்சுக்கிச்சு.

கொஞ்ச நாள்ல அண்ணனைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. இல்ல, அவன்தான் கூட்டிக்கிட்டு வந்தான்.

"என்னண்ணே, எங்க வீட்டுப் பிள்ளை போனை எங்களுக்குத் தெரியாமப் பூட்டிக் குடுத்துருக்கீக? பழையபடி என் ஐடியைப் போடுங்க."

"அவுகவுக பாஸ்வேர்டு அவுகவுககிட்ட இருக்கணும் தம்பி."

"அக்கறை இருக்கப் போயித்தானே பாக்குறேன். ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

நான் மேகலாவைப் பாத்தேன். "நீ சொல்லு தாயி. நீ வேணாம்னா நான் தொடமாட்டேன்."

"போட்டுருங்கண்ணே. இல்லன்னா போனையும் பிடுங்கிக்கிருவோம், லேப்புக்கும் போகக் கூடாதுன்னு வீட்ல சொல்லிட்டாக."

அவன் ஆமான்னு தலையாட்டுனான். என் கையால போடமாட்டேன்னு போனைக் கண்ணாடி கவுண்டர் மேல வச்சேன். அந்தப் பிள்ளையே அதை எடுத்து, நான் கத்துக் குடுத்த ஸ்டெப்பை எல்லாம் ஒண்ணொண்ணா தலைகீழாச் செஞ்சுச்சு. பாஸ்வேர்டு கேட்டப்ப போனை அண்ணன்கிட்ட நீட்டுச்சு. அவன் திரும்பி நின்னு அடிச்சான். அவன் பாஸ்வேர்டை அது பாத்துரக் கூடாதாம்!

அன்னையில இருந்து எங்க கடையில ஒரு சட்டம். புது போனுக்கு ஐடி போடும்போது, கூட வந்தவரைக் கேக்கமாட்டேன். போன் யாரு கையில இருக்கப் போகுதோ, அவுகளைத்தான் கேப்பேன். அவுகளுக்கு ஐடி இல்லைன்னா புதுசாத் திறந்து குடுப்பேன். கூட வந்தவரு முறைப்பாரு. முறைக்கட்டும். பசங்களா, நீங்களும் அப்படியே செய்யுங்க.

மேகலா அந்த ஆஸ்பத்திரிக்கு மறுபடி அப்ளை பண்ணுச்சான்னு எனக்குத் தெரியாது. பண்ணியிருந்தா அந்த அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கும்.